கடல்மேல் மேகம் கூடுவது ராத்திரியிலா, உச்சிவெயிலிலா?

4 ஜனவரி 2025, இரவு 9:40 (பாறசாலையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

"வெயில் ஏற ஏறக் கடல்தண்ணி சூடாகும், ஆவி மேலே போகும், மேகம் கூடும். அதனால் கடல்மேல் மேகம் அதிகம் இருப்பது மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு. ராத்திரி குளிர்ந்ததும் கலைந்துவிடும். மகளுடைய பாடத்துக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தினமும் மத்தியானம் மலைப்பக்கம் மேகம் ஏறுகிறது. கடலிலும் அதேதானே? தப்பிருந்தால் சொல்லுங்கள்."

4 ஜனவரி, இரவு 10:25

தப்பு. நேர் தலைகீழ்.

4 ஜனவரி, இரவு 11:20

படுத்தேன், தூக்கம் வரவில்லை. பிள்ளையின் பாட நோட்டுக்குப் போகிற விஷயத்தை மூன்று வார்த்தையில் வெட்டிப் போட்டது சரியில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக்காரன். பதினோரு வருஷம் ஆழ்கடல் போட்டில் போனவன். முதுகு கெட்ட பிறகு கரையில் உட்கார்ந்து போட்டுக்காரர்களின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழம் பார்க்கிற கருவி), வயர்லெஸ் செட் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். படித்தது பிளஸ் டூ. ஆள் வராத நேரத்தில் கடையில் இருந்து படிப்பது இந்த மேகக் கதையெல்லாம்.

கண்ணால் கண்டதை முதலில் சொல்கிறேன். ஆகஸ்ட் 1 தடைக்காலம் முடிந்து மேற்கே, ஓமன் பக்கத்துக் கடலுக்குப் போவோம். அந்த மாதங்களில் அங்கே அடித்தண்ணி மேலே வரும், கடல் குளிர்ந்து கிடக்கும். விடியலுக்கு முன்னால் தூண்டில் இழுக்க எழுந்தால் தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரே மூடாக்கு. தாழ்வாக, கம்பு வைத்துக் குத்தலாம் என்கிற மாதிரி. சில நாள் பொடித்தூறலும் உண்டு, சட்டை நனையாது, மீசை நனையும். கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு அங்கங்கே கிழியும். மத்தியானம் டெக்கில் வெறுங்காலோடு நிற்க முடியாது, வானம் வெளுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு துண்டு துண்டாய் மறுபடி சேரத் தொடங்கும். எனக்க அப்பன் இதற்குக் காரணமெல்லாம் தேடியதில்லை. "மானம் ராத்திரி போர்வை போடும், உச்சிக்கு உதறும்" என்பார், அவ்வளவுதான். மானம் என்றால் எங்கள் பேச்சில் வானம்.

நீங்கள் மலைப்பக்கம் பார்த்ததும் பொய்யில்லை. அது தரை. கடல் வேறு சாதி.

5 ஜனவரி, காலை 7:05

வேறு சாதி என்று சொன்னதற்குப் பாறசாலைக்காரர் கணக்கு கேட்டிருக்கிறார். நியாயம்.

உங்கள் ஊர்ப் பாறையில் மத்தியானம் அப்பளம் பொரிக்கலாம், விடியக்காலம் அதே பாறை சில்லிட்டிருக்கும். கடலில் அப்படி நடக்காது. வெயில் தண்ணிக்குள் பல மீட்டர் இறங்கிவிடும், அலை அதைக் கலக்கிவிடும். மேல்தண்ணி பகலுக்கும் ராத்திரிக்கும் அரை டிகிரிகூட மாறாத நாள்தான் அதிகம். காற்றே இல்லாமல் கண்ணாடிபோல் கிடக்கிற நாளில் மட்டும் மேல்தோல் 2, 3 டிகிரி ஏறும். ஆவியாவது ராத்திரியிலும் நிற்பதில்லை. அதற்கு வேண்டியது காற்று வீச்சும், வீசுகிற காற்றின் வறட்சியும். ஆக, "சூடு, ஆவி, மேகம்" என்கிற சங்கிலியில் முதல் கண்ணியே கடலில் அறுந்துவிடுகிறது. பகல்-இரவு வித்தியாசத்தை உண்டாக்கும் சுவிட்ச் கீழே தண்ணியில் இல்லை, மேலே மேகத்தின் தலையில் இருக்கிறது.

அது எப்படி என்று சாயங்காலம் எழுதுகிறேன். ஒரு எக்கோ சவுண்டர் திறந்து கிடக்கிறது.

5 ஜனவரி, இரவு 8:50

போட்டில் ராத்திரி காவல் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வானம் தெளிந்த ராத்திரி வீல்ஹவுஸ் (சுக்கான் பிடிக்கிற அறை) கூரையைத் தொட்டால் கை நனையும். மூடாக்கு போட்ட ராத்திரி அதே கூரை காய்ந்து கிடக்கும். நானே இருட்டில் எத்தனையோ தரம் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். தெளிந்த வானத்துக்குக் கூரை தன் சூட்டை விட்டுவிடுகிறது, காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, பனி பிடிக்கிறது. மேகம் இருந்தால் அது கீழ்நோக்கிச் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது, கூரை குளிர்வதில்லை.

இப்போது மேகத்தின் உச்சியில் போய் உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே போர்வை கிடையாது. வீல்ஹவுஸ் கூரை செய்த வேலையை இப்போது மேகத்தின் தலை செய்கிறது. சதுர மீட்டருக்கு 50 முதல் 90 வாட் வரை சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனக்கும், கீழே விழும். அது விழுகிற இடத்துக்குக் கீழிருந்து ஈரக்காற்று ஏறும். கஞ்சிப்பானை அடியில் சூடு வாங்கிக் கொதிக்கும். இங்கே பானை தலையில் குளிர் வாங்கிக் கொதிக்கிறது. இந்தப் புரட்டல் கடல்மட்டம் வரை இறங்கினால் கடலின் ஈரம் நேராக மேகத்துக்குப் போய்ச் சேரும். ராத்திரி முழுக்க இது ஓடும். விடியலுக்கு முன்னால் மேகம் நல்ல தடி, உயரமும் கூடுதல், பொடித்தூறலும் அப்போதுதான்.

மேலே ஏன் கோபுரம்போல் வளராமல் தட்டையாகவே கிடக்கிறது என்றால், அதற்கு மேலே வெப்பமான வறண்ட காற்று மூடிபோட்டு அமர்ந்திருக்கிறது. சில பத்து மீட்டர் ஏறுவதற்குள் சூடு பல டிகிரி எகிறிவிடும். மேகம் அந்த மூடியில் முட்டிப் பரவும். மொத்தத் தடிமனே சில நூறு மீட்டர்தான்.

பகலில் வெயில் வந்து மேகத்தைத் தின்றுவிடும். அவ்வளவுதான் கதை.

6 ஜனவரி, காலை 6:30

நேற்றுக் கடைசி வரி மோசம். பசியில் முடித்தது. "தின்றுவிடும்" என்றால் வெயில் துளியைக் காய்ச்சி ஆவியாக்குகிறது என்று தோன்றும். அது சின்னப் பங்கு. பெரிய விஷயம் வேறு.

பகலிலும் மேகத்தின் தலை சூட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அது நிற்பதில்லை. ஆனால் வெயிலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியை மேகம் கொஞ்சம் உள்வாங்கிச் சூடாகிறது. குளிர்வதும் சூடாவதும் கழிந்துபோய், மிச்சம் வெகு குறைவு. புரட்டல் தளர்கிறது. அடிவரை எட்டுவதில்லை. இப்போது காற்று இரண்டு மாடியாகப் பிரிகிறது: மேல்மாடியில் மேகம், கீழ்மாடியில் கடலின் ஈரம், நடுவே படிக்கட்டு இல்லை. மேகத்துக்குத் தண்ணி வரத்து நின்றுபோகிறது. மேலேயிருந்து வறண்ட காற்றோ கலந்தபடியே இருக்கிறது. வரவில்லாமல் செலவு மட்டும் என்றால் வீடு என்னவாகும்? பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேகம் மிக மெலிந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் புரட்டல் என்கிற மோட்டார் மறுபடி ஓடும்.

ஆக, வெயில் மேகத்தைக் கொல்வதில்லை, பட்டினி போடுகிறது. முந்தைய குறிப்பை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

6 ஜனவரி, பகல் 1:15

"மேகத்தில் எவ்வளவு தண்ணி?" என்று ஒருவர். சிரிப்பீர்கள். இந்தத் தாழ்மேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கிற தண்ணி மொத்தமாகப் பிழிந்தால் சுமார் 100 கிராம். அரை டம்ளர். தரையில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த அரை டம்ளர்தான் வெயிலைப் பாதிவரைக்கும் திருப்பி அனுப்புகிறது.

8 ஜனவரி, இரவு 10:00

தூத்துக்குடிக்காரர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "நான் தினமும் இன்சாட் செயற்கைக்கோள் படம் பார்க்கிறேன். ராத்திரிப் படத்தில் கடல்மேல் தாழ்மேகம் ஒன்றுமே இருப்பதில்லை, காலையில் வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிகிறது. நீங்கள் எந்தக் கடலைப் பார்த்தீர்கள்?"

அண்ணன், இதே குழியில் நானும் வருஷக்கணக்கில் கிடந்தேன். பகல்படம் வெளிச்சத்தில் எடுப்பது, வெள்ளை மேகம் கறுப்புக் கடல்மேல் பளிச்சென்று நிற்கும். ராத்திரி எடுப்பது சூட்டுப்படம். அதில் குளிர்ந்த உயர்மேகம் வெள்ளையாகத் தெரியும். தாழ்மேகத்தின் தலையோ கடலைவிடச் சில டிகிரிதான் குளிர்ச்சி. சாம்பலுக்குள் சாம்பல். மேகம் அங்கேதான் இருக்கிறது, படம் அதைக் கடலோடு சேர்த்துப் பூசிவிடுகிறது.

இதற்கு ஒரு உபாயம் உண்டு. இன்சாட்-3டி 2013-இல் ஏறியது, 3டிஆர் 2016-இல், 3டிஎஸ் 2024 பிப்ரவரியில். மூன்றிலும் 3.9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பக்கத்தில் ஒரு அலைவரிசை இருக்கிறது. சின்னத் துளிகள் அந்த அலைநீளத்தில் குறைவாகக் கதிர்விடும், 10.8 மைக்ரான் பக்கத்தில் அப்படியில்லை. இரண்டையும் கழித்துப் பார்த்தால் ராத்திரியிலும் தாழ்மேகமும் மூடுபனியும் தனியாக எழுந்து நிற்கும். நீங்கள் பார்ப்பது வெறும் சூட்டுப்படம்.

இன்னொரு வலையும் இருக்கிறது. டெர்ரா, அக்வா என்று இரண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள். பல வருஷம் ஒன்று காலை பத்தரைவாக்கில் தலைக்கு மேலே போனது, மற்றது பிற்பகல் ஒன்றரைக்கு. அந்த வருஷங்களின் அக்வா பகல்படத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மேகம் குறைவான நேரத்தை மட்டுமே பார்த்தவராவீர்கள். சந்தை கலைந்த பிறகு போய் ஆள் எண்ணுவது மாதிரி. 1997 நவம்பரில் போன டிஆர்எம்எம் என்கிற மழையளக்கும் செயற்கைக்கோள் அப்படி ஒரே நேரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல, நாள் மாற மாற வேறு வேறு மணிக்கு வந்தது. நுண்ணலையில் பார்த்ததால் இருட்டும் வெளிச்சமும் அதற்கு ஒன்றாகவே இருந்தது. மேகத்தண்ணி விடியலுக்கு முன் ஏறி, பிற்பகலில் இறங்குவதைப் பெரும்பரப்பில் அது காட்டியது.

ஆள் போய் அளந்ததும் உண்டு. 1987 கோடையில் கலிஃபோர்னியாவுக்கு வெளியே சான் நிக்கோலஸ் தீவில் உட்கார்ந்து அளந்தார்கள். 2001 ஜூலையில் சான் டியகோவுக்கு மேற்கே ராத்திரி ராத்திரியாக விமானம் ஓட்டினார்கள். ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வெயிலின் குழப்பமில்லாமல் மோட்டாரைத் தனியாகப் பார்க்கலாம் என்பதுதான்.

9 ஜனவரி, காலை 5:10

மச்சான் இன்று போட்டேறுகிறான். ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டேன். போனில் காலை 5, காலை 10, பிற்பகல் 2, சாயங்காலம் 6, நாலு நேரம் மேற்கு வானத்தைப் படம் எடுக்கணும். 5 மணிக்கு இருட்டு, படம் வராது. அப்போது தெற்கே குருசு நட்சத்திரம் (சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம்) தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்று மட்டும் நோட்டில் குறிக்கணும்.

"ஒனக்கக் கிறுக்குக்கு நான் ராத்திரி முழிக்கணுமா?" என்றான். ஒரு பவர் பேங்க் கொடுத்தேன். ஒத்துக்கொண்டான்.

13 ஜனவரி, இரவு 9:30

இடைவேளைக்கு ஒரு கதை. இந்த மேகத்தின் பெரிய ராஜ்ஜியங்கள் நம் கடலில் இல்லை. பெரு-சிலி, கலிஃபோர்னியா, நமீபியா-அங்கோலா, கானரித் தீவுகள், இந்தப் பக்கங்களில் குளிர்ந்த தண்ணிமேல் மாதக்கணக்கில் விரித்துப் போட்ட பாய்மாதிரி கிடக்கும். உலகக் கடற்பரப்பில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகை மேகம்தான். சிலியில் மலைமோதுகிற இந்த மேகத்துக்குக் கமஞ்சாக்கா என்று பேர். சுங்குங்கோ என்று அங்கே ஒரு மீனவக் கிராமம். மழை அபூர்வமான ஊர். மேலே மலைமுகட்டில் வலை கட்டி, மேகத்துளியை வலையில் பிடித்து, குழாய் போட்டு 1992-இலிருந்து சில வருஷம் ஊருக்குத் தண்ணி கொடுத்தார்கள்.

மீன்பிடிக்கிற ஊர், வலைபோட்டு மேகம் பிடித்தது! இதை எனக்க அப்பனிடம் சொன்னேன். "எத்தன கண்ணி வலை?" என்று மட்டும் கேட்டார்.

பெரு-சிலிப் பக்கம் பகல்-இரவு ஆட்டம் இன்னும் பலமாக இருப்பதற்கு ஆண்டிஸ் மலையும் காரணம். பகலில் மலைச்சரிவு சூடாகி, அதிலிருந்து காற்றில் ஓர் அலை கிளம்பிக் கடல்மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அது கடக்கிற இடத்தில் மேகம் ஏறி இறங்கும். கரையில் இடித்த உரல், கடலில் அதிர்வது மாதிரி.

16 ஜனவரி, மாலை 4:00

பொங்கல் கழிந்து கடை இன்று திறந்தேன். வாசகர்களில் ஒருவர் "ராத்திரி இருந்தால் என்ன, பகலில் இருந்தால் என்ன, மேகம் மேகம்தானே, இதில் இவ்வளவு என்ன?" என்று எரிச்சல்பட்டிருக்கிறார்.

பெரிய வித்தியாசம். வெறும் கடல் தன்மேல் விழுகிற வெயிலில் பத்தில் ஒரு பங்குகூடத் திருப்பி அனுப்பாது, குடித்துவிடும். தாழ்மேகம் பாதிவரை திருப்பும். ஆனால் ராத்திரியில் திருப்புவதற்கு வெயில் எங்கே? தாழ்மேகத்தின் தலை கடல்மாதிரியே சூடு என்பதால், மேலே தப்பிப்போகும் சூட்டையும் அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதாவது பூமியைக் குளிர்விக்கிற கணக்கில் ராத்திரி மேகத்துக்கு வரவு வைக்க ஒன்றுமில்லை. காலை எட்டு மணி தொட்டு உச்சிவரை அது எவ்வளவு நேரம் கிழியாமல் தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் காசு இருக்கிறது. ராத்திரி சேர்த்ததைக் காலையில் செலவழிக்கிறது.

இதில் புகைக்கும் பங்குண்டு. ஜனவரியில் மேற்கே போகும்போது கரையைத் திரும்பிப் பார்த்தால் அடிவானத்தில் பழுப்பாய் ஒரு படலம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1999-இல் மாலத்தீவைத் தளமாக வைத்து இந்தப் படலத்தை ஆராய்ந்தார்கள், இண்டோயெக்ஸ் என்று பேர். முன்னால் நின்றவர்களில் ஒருவர் வி. ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் படலத்திலுள்ள கரி வெயிலை உறிஞ்சி மேகம் இருக்கிற அடுக்கையே சூடாக்குகிறது, பகலில் சிறு மேகங்கள் குறைந்துபோகின்றன என்று அதிலிருந்து எழுதினார்கள். ஆக 5-ஆம் தேதி நான் எழுதி, 6-ஆம் தேதி நானே திட்டிய "தின்றுவிடும்" என்கிற சொல்லுக்கு நம் கடலில் கொஞ்சம் உயிர் இருக்கத்தான் செய்கிறது. கரிப்புகை இருக்கிற இடத்தில் மட்டும்.

கப்பல்புகை நேர் எதிர். கந்தகப் புகை மேகத்துளியைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டும், மேகம் வெளுக்கும், கப்பல் போன தடம் மேலேயிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடாய்த் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கணும் என்று சட்டம் வந்த பிறகு அந்தக் கோடுகள் குறைந்தன. விழிஞ்ஞத்துக்கு வருகிற பெரிய கப்பலுக்கும் இந்தச் சட்டம்தான். எங்கள் போட்டு டீசலை யாரும் கேட்பதில்லை.

5 பிப்ரவரி, இரவு 11:45

மச்சான் நேற்று வந்தான். 19 நாள் படம். சிலது அலையில் ஆடி வீண், ஒன்றில் அவன் கட்டைவிரல் மட்டும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

காலை 5 மணி நோட்டு: குருசு தெரிந்ததைவிட மறைந்திருந்த நாள்தான் அதிகம். சரி. காலை 10: மேகம் அப்படியே கெட்டியாக இருக்கிறது. சரி என்றே வைப்போம். பிற்பகல் 2: இங்கேதான் அடி. பாதிக்குப் பாதி நாள் மேகம் நன்றாகவே இருக்கிறது. சாயங்காலம் 6: மிகக் குறைவு! நான் சொன்னபடி பார்த்தால் 2 மணிக்குக் குறைந்து 6 மணிக்குத் திரும்பக் கூடியிருக்கணும்.

பாறசாலை அண்ணனுக்கு: கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை நோட்டில் கைவைக்க வேண்டாம்.

6 பிப்ரவரி, அதிகாலை 4:20

கண்டுபிடித்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்கணும்.

சாயங்காலம் 6 மணிப் படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் கடலுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. ஜனவரியில் நம் பக்கத்து நீரோடிக் கரையில் 6 மணிக்குச் சூரியன் தண்ணியைத் தொடப் போயிருக்கும். மச்சானை எழுப்பிக் கேட்டேன், எந்த இடம் என்று. ஜிபிஎஸ் குறிப்பு 62 டிகிரி கிழக்கு.

போனில் இருப்பது இந்திய நேரம். அது 82.5 டிகிரிக்கான நேரம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இருபதரை டிகிரிக்கு 82 நிமிஷம். அதாவது அவன் 5 மணி என்று எடுத்தது, அந்தக் கடலில் நிஜமாக 3:38. காலை 10 என்பது 8:38. பிற்பகல் 2 என்பது 12:38, உச்சி கழிந்த வேளை. சாயங்காலம் 6 என்பது 4:38. மேகம் மிக மெலிகிற இரண்டு மூன்று மணியை நாங்கள் படமே எடுக்கவில்லை! அதற்கு முன்னும் பின்னும் எடுத்து நடுவை விட்டிருக்கிறோம். சூரியன் வர எட்டு மணியாகும் அங்கே. "5 மணிக்கு எழுப்பி விட்டிருக்கியே, அது பாதிராத்திரிடே" என்று மச்சான் வந்த அன்றைக்கே முனகினான், நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

தினமும் ஜிபிஎஸ்ஸை மடியில் வைத்து வேலை செய்கிறவன் செய்கிற பிழையா இது? நம் ஊரும் 77 டிகிரியில்தான் இருக்கிறது, இங்கேயே கடிகாரம் சூரியனைவிட இருபத்திரண்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது. யாரும் கவனிப்பதில்லை.

6 பிப்ரவரி, காலை 10:00

நேரத்தைத் திருத்திப் போட்டால் படங்கள் என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் நிரூபிக்கவும் இல்லை. இரண்டு தனித்தனி விஷயம், கலக்கக்கூடாது.

7 பிப்ரவரி, இரவு 9:15

இன்னொரு யோசனையும் வந்தது, இதை முன்னாலேயே சொல்லியிருக்கணும். நான் ஆகஸ்டில் பார்த்த மூடாக்கும், மச்சான் ஜனவரியில் எடுத்த மேகமும் ஒரே வகை இல்லை. அவன் படங்களில் இருப்பது பஞ்சுப்பொதி மாதிரி தனித்தனிச் சின்ன மேகம், சில இடத்தில் அதன் தலைகள் பரந்து தட்டையாகச் சேர்ந்திருக்கின்றன. வெப்பக்கடலில் காற்றோட்டத்தோடு போகிற இந்தப் பஞ்சுமேகத்துக்கும் ஒரு நாள்முறை உண்டு. 2020 தொடக்கத்தில் பார்படோஸ் பக்கம் ஒரு பெரிய கூட்டமே போய் இந்தச் சாதி மேகத்தை அளந்தது. அந்தக் கடலில் ராத்திரி ஏற ஏற உயரமானவை கூடி, தலை பரந்து, விடியலுக்குச் சற்று முன் உச்சம், அதோடு தூறலும். பகலில் சின்னச் சின்ன மழையில்லாப் பொதிகள் பெருகி, பொழுது சாய்கிற நேரத்தில் அவை உச்சம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் "பகலில்தான் மேகம் அதிகம்" என்றுகூட ஒருவர் சாதிக்கலாம். மூடுகிற பரப்பைப் பார்த்தால் ராத்திரி. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் எண்ணினால் இப்படித்தான்.

கேள்வியில் இருந்த "மேகம் கூடும்" என்கிற சொல்லே வழுக்கல். நானும் அதில்தான் வழுக்கினேன்.

11 பிப்ரவரி, காலை 6:50

இன்று நீரோடிப் பொழிக்கரையில் நின்றேன், ஒரு வள்ளத்தில் ஜிபிஎஸ் மாட்டிக் கொடுக்க. கரைக்காற்று சில்லென்று கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேற்கே அடிவானத்தில் கரைக்கு இணையாக ஒரே வரிசையில் மேகம், தோரணம் கட்டின மாதிரி. கிழக்கே மலை துடைத்துவிட்டதுபோல். பத்து மணிக்குத் திரும்பி வரும்போது தோரணம் பிய்ந்திருந்தது. இரண்டு மணிக்குக் கடற்காற்று ஏறி, மலைமேல் மேகம் குவிந்து, கடல் சுத்தம்.

இது மூன்றாவது வகை, கரையோரத்தது. ராத்திரி தரை குளிர்ந்து காற்று கடலுக்குள் இறங்கி, அங்கிருக்கிற காற்றோடு மோதுகிற இடத்தில் மேகம் எழும்பும். பகலில் அதே ஆட்டம் திரும்பி மலையில் நடக்கும். பாறசாலை அண்ணன் மாடியிலிருந்து பார்ப்பது இந்த ஊஞ்சலின் ஒரு முனை. மறுமுனை இங்கே கரையில், அவர் தூங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில்.

11 பிப்ரவரி, இரவு 8:20

ஒரு தம்பி, "அப்போ விடியக்காலம் மழைக்கோளு இருந்தாலும் மத்தியானம் தெளியும், பயமில்லாமல் கடலுக்குப் போகலாம் இல்லையா அண்ணா" என்று கேட்டிருக்கிறான்.

மக்கா, கூடவே கூடாது. நான் எழுதுவது அமைதியான நாளின் தாழ்மேகம் பற்றி. 2017 நவம்பர் 30 விடியக்காலம் எங்கள் கரையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஒக்கிப் புயலுக்கு உச்சிவெயில் கணக்குக் கிடையாது. எச்சரிக்கை வந்தால் வள்ளத்தை இறக்காதே. இந்த இழையை அதற்குச் சாட்சியாக எங்கேயும் காட்டாதே.

14 பிப்ரவரி, காலை 6:00

மச்சான் மறுபடி போகிறான். இந்தத் தடவை நேரத்தை நானே போட்டு வீல்ஹவுஸ் பலகையில் ஒட்டிவிட்டேன்: 62 டிகிரி என்று வைத்து, போன்நேரம் காலை 6:20, காலை 10:20, மாலை 4, இரவு 7. அந்தக் கடலின் நேரத்தில் இவை விடியலுக்கு முன் ஐந்து, காலை ஒன்பது, பிற்பகல் இரண்டரை, ஐந்தேமுக்கால். "நாலு மணிக்குப் படம் எடுக்காம விட்டா பவர் பேங்க் திரும்ப வேணும்" என்றும் எழுதி வைத்தேன்.

12 மார்ச், இரவு 10:30

வந்தான். 16 நாள்.

மாலை 4 மணிப் படங்களை மட்டும் முதலில் பார்த்தேன். பதினாறில் பதினொன்றில் வானம் கிட்டத்தட்ட வெறுமை, கோடியில் ஒன்றிரண்டு பொதி. ஒரு நாள் மட்டும் முழு மூடாக்கு, அன்று பின்னேரம் மழையும் பெய்ததாக நோட்டில் இருக்கிறது, அது வேறு வகை மேகம். 6:20-க்கு பத்து நாள் குருசு தெரியவில்லை. நாலு நாள் "தெரிஞ்சு", இரண்டு நாள் "தூங்கிட்டேன்".

ஒரு போட்டு, ஒரு போன், ஒரு மாசம். இதை வைத்து யாரும் புத்தகம் எழுதவேண்டாம். எனக்கு 4 மணிப் படம் போதும்.

13 மார்ச், காலை 7:10

பாறசாலை அண்ணன் கேட்கிறார்: "அப்போ நோட்டில் என்ன எழுதட்டும்?"

"திறந்த கடலில் தாழ்மேகம் விடியலுக்கு முன் அதிகம், பிற்பகலில் குறைவு. தரையில், மலையில் பிற்பகலில் அதிகம்." இதை எழுதச் சொல்லுங்கள். "திறந்த கடலில்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட வேண்டாம். காரணம் கேட்டால் கஞ்சிப்பானையைத் தலைகீழாக வரையச் சொல்லுங்கள்.

13 மார்ச், இரவு 9:00

பிள்ளை பானையை வரைந்து அனுப்பியிருக்கிறது. அடுப்பையும் மேலே வரைந்துவிட்டது. அடுப்பு வேண்டாம் மக்களே, அங்கே ஐஸ்பெட்டி வரை.